விட்டுக்கொடுத்தால் தோல்வி

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை முதலில் பார்த்தது பெண்ணை அல்ல, அவளுடைய கேம் கன்ட்ரோலரை. பார்த்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. அதன்மேல் உட்கார்ந்தான்.

குற்றம் முழுக்கக் கொளஞ்சியம்மாள் அத்தையுடையது. அவள் கனிமொழியின் தாய்மாமன் சாமிக்கண்ணுவின் மனைவி. கடலூர் முதுநகரில் கனிமொழி வீட்டில் எந்த நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக வந்து நின்று, எல்லாரையும் அதட்டி, கடைசி ஆளாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். அன்றைக்கு வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டதும், "டிவில கத்திச்சண்ட போடுற பொண்ணுன்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" என்று கனிமொழியின் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி, சோபாவில் போட்டு, மேலே ஒரு துண்டால் மூடிவிட்டாள். வீட்டில் அத்தனை நாற்காலி கிடந்தும் மாப்பிள்ளை எழிலன் நேராகப் போய் அந்தத் துண்டின் மேல்தான் உட்கார்ந்தான்.

வேறு எவனாவது என்றால் நெளிந்து சமாளித்திருப்பான். எழிலன் துண்டை விலக்கி அதை எடுத்து, கத்தரிக்காய் வாங்குகிறவன் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியைத் தடுக்கிற பட்டன் தேய்ந்து எழுத்தே அழிந்திருந்தது. ஒதுங்கித் தப்பிக்கிற பட்டன் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. அவன் அதைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்தான். கொளஞ்சியம்மாள் அடுப்படிக்குள் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். சமைப்பீர்களா, எந்த நடிகர் பிடிக்கும், இப்படி ஏதாவது வரும் என்று கனிமொழி பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். எழிலன் கேட்டது வேறு.

"நீங்க ஒதுங்கவே மாட்டீங்களா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் வெட்கப்பட வேண்டியதையே மறந்துவிட்டாள்.

"எதுக்கு ஒதுங்கணும்? வர்ற அடியத் தட்டிவுட்டா முடிஞ்சுது."

அந்தப் பதிலில்தான் கல்யாணம் முடிவானது. ஜாதகம், நட்சத்திரம் எல்லாம் பெரியவர்களின் திருப்திக்கு.

இரண்டு பேர் ஆடுவதும் சண்டை ஆட்டம்தான். ஆனால் சண்டைக்குச் சண்டை வித்தியாசம் உண்டு. கனிமொழியின் ஆட்டத்தில் கையில் ஒற்றை வாளோடு ஒருத்தி மலை ஏறுவாள். எதிராளி வீசுகிற ஒவ்வொரு வீச்சையும் சரியான நொடியில் தன் வாளால் தட்டிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் அடி, கொஞ்சம் பிந்தினாலும் அடி. சரியாகத் தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். தொடர்ந்து டிங், டிங் என்று தட்டினால் எதிராளி நிலைகுலைந்து முட்டி போடுவான். அப்போது ஒரே குத்து. அதன் உண்மையான பெயர் யார் வாயிலும் நுழையாததால் வீட்டில் அதற்கு 'டிங்கு ஆட்டம்' என்று பெயர்.

எழிலனுடையதில் இரட்டைக் கத்திக்காரன் ஒருவன். ஓர் இடத்தில் நிற்கமாட்டான். உருளுவான், தாவுவான், பின்னால் போய் மூன்று போடுவான், அடி வாங்கியவன் கீழே விழுமுன் அந்தரத்திலேயே இன்னும் நாலு போடுவான். எத்தனைக்கு எத்தனை விதமாக அடிக்கிறானோ அத்தனைக்கு அத்தனை புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து மயக்கம் வந்த அவன் அக்கா அருள்மொழி அதற்குச் 'சுத்தற ஆட்டம்' என்று பெயர் வைத்தாள்.

நிச்சயம் முடிந்த ஜோடிகள் போனில் என்ன பேசுவார்கள்? சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பார்கள். இவர்கள் பேசியதைக் கேளுங்கள்.

"உங்க ஆட்டத்துல எதிராளிக்கு ஒரு வேலையும் இல்ல. சாணி மூட்ட மாதிரி அடி வாங்கிக்கிட்டு நிக்கிறான்" என்பாள் கனிமொழி.

"உன் ஆட்டத்துல உனக்கே வேல இல்ல. அவன் எப்ப அடிப்பான்னு ரேஷன் கடை வரிசைல நிக்கிற மாதிரி நிக்கிற."

"நிக்கிறதுதாங்க வேல. அவன் தோள் சாயுதா, கால் நவுருதான்னு பாக்கணும். உங்க ஆட்டத்துல எதிராளி மூஞ்ச ஒரு தடவயாவது பாத்திருக்கீங்களா?"

எழிலன் யோசித்துப் பார்த்தான். பார்த்ததே இல்லை. ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

"உன்னுதுல ஒரு தப்பு பண்ணா உயிர் போச்சு. என்னுதுல தப்பக்கூட அழகாப் பண்ணலாம். தப்பா உருண்டு, அங்கேருந்தே ஒரு புது அடி அடிக்கலாம்."

கனிமொழி அன்றிரவே அவன் ஆட்டத்தை வாங்கி இறக்கி ஆடிப் பார்த்தாள். கட்டைவிரல் வலித்தது. ரொம்பப் பிடித்தும் இருந்தது. அதை அவனிடம் சொல்வாளா என்ன? அவனும் அவள் ஆட்டத்தை ஆடிப் பார்த்தான். மலையடிவாரத்தில் நிற்கிற வாயிற்காவலனையே தாண்ட முடியாமல் செத்துச் செத்து எழுந்தான். அதை அவனும் சொல்லவில்லை.

ஒருநாள் கனிமொழி அவனுக்குப் போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "அவன் கை ஓங்குனா பயந்து பின்னால போவக் கூடாது. முன்னால போயி ஒரு தட்டு. மறுபடியும் ஓங்குனா மறுபடியும் தட்டு. தன்னால சாஞ்சுடுவான்." வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாளின் அரிவாள்மணை நின்றுபோனது.

"யாருடி கை ஓங்குறது? மாப்ளயா?"

அது ஆட்டம் என்று விளக்கி முடிப்பதற்குள் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. அத்தை நம்பியது பாதிதான். எந்தச் சண்டையாக இருந்தாலும் நம் வீட்டுப் பெண் தோற்கக் கூடாது என்று மட்டும் அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத விஷயமும் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு குடியிருப்பது எந்த ஊரில்?

கனிமொழிக்குக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. நிச்சயத்துக்குப் பிறகுதான் அவளை ஷிப்ட் இன்-சார்ஜ் ஆக்கினார்கள். அந்தச் செய்தியை எழிலனுக்குப் போனில் சொல்லும்போது பாதியிலேயே அழுதுவிட்டாள். இரண்டு வருஷம் தன்னைக் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவளாகவே பார்த்தவர்கள் இனி தன் கையெழுத்துக்குக் காத்து நிற்பார்கள் என்றால் அழுகை வராதா? காலை ஷிப்டுக்கு எழிலனின் ஊரான சிதம்பரத்திலிருந்து எந்தப் பேருந்தில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. எழிலனுக்கு அங்கே அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்துப் பக்கம் கடை. பிரிண்ட், பைண்டிங். கடைசித் தேதியில் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளுக்காகக் காலையிலேயே ஷட்டரைத் தூக்க வேண்டும். கடையைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு வந்தால் அங்கே அதற்கு வேலை இல்லை.

பெரியவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. "பொண்ணுன்னா போவ வேண்டியதுதான" என்றார்கள். கனிமொழி முகம் சுருங்கியதைப் பார்த்த சாமிக்கண்ணு, பேச்சை மாற்றுவதாக நினைத்து, "அப்ப நடுவுல புதுச்சத்திரத்துல குடித்தனம் வையுங்க. ரெண்டு பேருக்கும் சமமா கஷ்டம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காபி வந்தது. பேச்சு அப்படியே போய்விட்டது.

கனிமொழிக்கு மட்டும் போகவில்லை. அன்றைக்குப் போனில் அவள் குரலே சரியில்லை. எழிலன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"நலங்குல கொடத்துல மோதிரம் எடுப்பாங்க இல்ல. மூணு தடவ. யாரு ஜாஸ்தி எடுக்குறாங்களோ அவுங்க ஊரு."

"நெசமாவா, வெளையாட்டுக்கா?"

"வெளையாட்டுலதான் நான் நெசமா இருப்பேன்."

அவள் தன் பக்கத்து விதியைச் சொன்னாள்.

"விட்டுக்குடுக்கக் கூடாது. பொண்ணாச்சேன்னு கைய லூசுல வுட்டீங்கன்னா அது தோல்வி. விட்டுக்குடுத்தவுங்க தோத்தவுங்க. இல்லன்னா, பின்னாடி வர்ற ஒவ்வொரு சண்டையிலயும் 'அன்னிக்கு நான் வுட்டுக்குடுத்தேன்'னு சொல்லிக் காட்டுவீங்க. என்னால காலத்துக்கும் கேக்க முடியாது."

"சரி. அந்த ரூல் உனக்கும்தான்."

"எனக்கும்தான்."

"அது கெடக்கட்டும். எப்பதான் என்ன மாமான்னு கூப்புடுவ? ஊர்ல எல்லாப் பொண்ணும் கூப்புடுது."

"அது மலை உச்சில நிக்கிற கடைசி பாஸுக்குன்னு வச்சிருக்கற ஆயுதம். வழியிலயே செலவு பண்ண முடியாது" என்று போனை வைத்துவிட்டாள்.

கல்யாணம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலையில் தாலி ஏறியது, பந்தி முடிந்தது, மத்தியானம் நலங்குக்கு உட்கார்த்தினார்கள். முன்னால் ஒரு பித்தளைக் குடம். வாய் குறுகல், இரண்டு கை நெருக்கியடித்துத்தான் நுழையும். மஞ்சள் தண்ணீர் என்பதால் அடி தெரியாது. அருள்மொழி தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றியதும் கொளஞ்சியம்மாள் எழுந்தாள்.

"எங்க பக்கம் மோதிரம் போடுறது மாமன் வூட்டு உரிம."

"எங்க பக்கம் நாத்தனார்தான் போடுவாங்க பெரியம்மா" என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள் அருள்மொழி. வீடியோக்காரன் அவசரப்படுத்தினான். அத்தை உட்கார்ந்தாள். முகம் உட்காரவில்லை.

முதல் தடவை எழிலன் கை உள்ளே போனதுதான் தெரியும். குடத்துக்குள் சுழற்றிய சுழற்றில் தண்ணீர் எழும்பி வீடியோக்காரன் சட்டையை நனைத்தது. எங்கே இருக்கிறது என்று கனிமொழி நிதானமாக அடியைத் தடவுவதற்குள் அவன் மோதிரத்தோடு கையைத் தூக்கிவிட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் விசிலடித்தார்கள். கனிமொழிக்குச் சோதனைக்கூடத்தின் வாசலும், தன் பெயர் ஒட்டிய அலமாரியும் கண்முன்னால் வந்து போயின. விளையாட்டு என்று சொல்லிக்கொண்டாலும் பயம் பயம்தான்.

இரண்டாம் தடவை அவள் மோதிரத்தைத் தேடவே இல்லை. கையை உள்ளே விட்டுச் சும்மா வைத்துக்கொண்டு எழிலனின் தோளைப் பார்த்தாள். வலப்பக்கம் துழாவப் போகுமுன் அவன் இடது தோள் ஒரு நூல் சாய்ந்தது. வாயிற்காவலனைவிட இவன் சுலபம். அவன் மோதிரத்தைப் பற்றிக்கொண்டு கையை மேலே இழுக்கிற நேரம் பார்த்து அவன் மணிக்கட்டில் புறங்கையால் ஒரே ஒரு தட்டு. விரல் பிரிந்தது. மோதிரம் குடத்தின் உள்விளிம்பில் மோதி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

டிங்.

நிஜமாகவே அந்தச் சத்தம் வந்தது. "டிங்குடி, டிங்கு" என்று கொளஞ்சியம்மாள் பக்கத்திலிருந்தவள் தொடையில் அடித்தாள். இத்தனை நாள் புரியாதது அவளுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

ஆளுக்கு ஒன்று. தண்ணீர் பாதி தரையில் போய்விட்டதால் குடத்தை மறுபடி நிரப்பினார்கள். அருள்மொழி மோதிரத்தைப் போட்டாள். "மோதிரம்தான் இல்ல, பூவாச்சும் போட வுடுங்க" என்று அத்தை ஒரு கை உதிரிப்பூவைக் கொண்டுவந்து குடத்துக்குள் தூவிவிட்டுப் போனாள்.

மூன்றாம் தடவை இருவர் கையும் உள்ளே போயின. கனிமொழிக்கு இந்த முறை தோளும் நினைவில்லை, காலும் நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். நடுவிரலுக்கு அடியிலேயே கிடந்தது. அப்படியே பொத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள். சந்தோஷத்தில் காது அடைத்தது.

கையை இழுக்கப் போனபோதுதான் கவனித்தாள், எழிலனின் கை அசையவே இல்லை. நிமிர்ந்தாள். அவன் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. தண்ணீருக்குள் அவன் விரல்கள் வந்து அவள் மூடிய கையைத் தொட்டன. பிடுங்க வருகிறான் என்று அவள் இறுக்கினாள். அவன் பிடுங்கவில்லை. அவள் விரலிடுக்கில் எதையோ திணித்தான். சில்லென்று, வட்டமாக.

இன்னொரு மோதிரம்.

எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவன் செய்தது புரிந்தது. அவனும் எடுத்திருக்கிறான். எடுத்ததைத் தன்னிடம் கொடுக்கிறான். தண்ணீருக்குள் நடந்தது யாருக்கும் தெரியாது. ஒன்றைக் குடத்திலேயே நழுவவிட்டு ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டினால் கடலூர்தான். அவனும் தான் கொடுத்ததுதான் அது என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கமாட்டான். அவ்வளவு சுலபம். அவளுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடு கூடவே, கட்டினால் இவனைத்தான் கட்டியிருக்க வேண்டும் என்கிற நிறைவும் வந்தது. கையை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்க விரித்தாள்.

உள்ளங்கையில் இரண்டு மோதிரம்.

மண்டபம் கூச்சலில் இடிந்தது. "இது என்னுது. அது யாருது?" என்றாள் அருள்மொழி.

"என்னுதுதான். பூவோட போட்டேன்" என்று கொளஞ்சியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "மாமன் வூட்டு உரிமய எவ தடுக்குறான்னு பாக்குறேன்." சாமிக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் கனிமொழி எழிலன் பக்கம் குனிந்து சொன்னாள்.

"விட்டுக்குடுத்தீங்க."

எழிலன் இன்னும் அந்த இரண்டு மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ முன்னாடியே எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். நீங்க ஏன் குடுத்தீங்க?"

"கைல கெடச்சுது. தூக்கலாம்னுதான் பாத்தேன். இன்-சார்ஜ் ஆன அன்னிக்கு போன்ல அழுத பாரு, அது ஞாபகம் வந்துடுச்சு. கை தன்னால உன் பக்கம் வந்துடுச்சு."

அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் விதி விதிதான். "ரூல் ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. தோத்துட்டேன். கடலூருக்கே வர்றேன்."

"கட?"

"தெனம் போயிட்டு வர்றேன்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளுக்கோ மூடிய ஷட்டருக்கு முன்னால் ஆய்வேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளும், பேருந்தில் தொங்கிக்கொண்டு வருகிற இவனும்தான் கண்ணில் நின்றார்கள்.

"வேணாம். புதுச்சத்திரத்துல பாக்கலாம். எங்க கம்பெனி பஸ் அதுவரைக்கும் வருது. உங்களுக்கும் பாதி தூரந்தான்."

எழிலன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மலர்ந்தது.

"இப்ப நீ என்னா பண்ண?"

"என்னா பண்ணேன்?"

"விட்டுக்குடுத்த."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் விதியைப் போட்டவள் அவள்தான்.

"அப்ப நீயும் தோத்துட்ட" என்றான் எழிலன்.

தாலி ஏறிய அன்றைக்கே புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் தோற்றுப்போனார்கள். அதை நினைத்ததும் கனிமொழிக்குச் சிரிப்பு பீறிட்டது. தலைப்பூ சரிந்து தோளில் விழுகிற அளவுக்குச் சிரித்தாள். அவனும் சிரித்தான். என்ன ஏதென்று தெரியாமல் கூட்டமும் சிரித்தது.

"மாமா" என்று அவள் கூப்பிட்டதும் எழிலன் படக்கென்று திரும்பினான். அவனை இல்லை. சாமிக்கண்ணுவை. "மாமா, புதுச்சத்திரத்துல ஒரு வூடு பாத்துக் குடுங்க."

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்மா" என்று சாமிக்கண்ணு பதறினார். எழிலன் முகம் தொங்கியதை அவர் பார்க்கவில்லை. கனிமொழி பார்த்தாள்.

இதற்குள் வீடியோக்காரன் நனைந்த சட்டையோடு முன்னால் வந்து நின்றான். ஒன்றும் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றான். இந்த முறை ஒரே மோதிரம்தான். கொளஞ்சியம்மாளும் அருள்மொழியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டே சேர்ந்து போட்டார்கள்.

"இதுக்கு என்னா பந்தயம்?" என்றான் எழிலன்.

"டிவிக்கு. புது வூட்டுல மொத மாசம் யாரு ஆட்டம்னு."

"விட்டுக்குடுக்கக் கூடாது."

"செத்தாலும் மாட்டேன்."

இருவர் கையும் உள்ளே போயின. எழிலனின் இடது தோள் ஒரு நூல் சாயத் தொடங்கியது. கனிமொழி அவன் காதுப்பக்கம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மாமா."

குடத்துக்குள் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. கனிமொழி அவசரமே இல்லாமல் துழாவி மோதிரத்தை எடுத்துக்கொண்டாள்.